நெய்வேலி: பட்டா இல்லாதவர்களின் கதை

கடந்த மாதம் மாணவத் தோழர்களோடு நெய்வேலிக்குப் போயிருந்தோம். சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பள்ளம். ராட்சதச் சக்கர இயந்திரம் மண்ணை வாரிக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் செல்போனில் படம் எடுத்தோம். பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது: இந்தக் குழி இருக்கும் இடத்தில் ஊர் இருந்தது என்கிறார்கள், அந்த ஊரின் சேரி எங்கே போனது?

பாடப்புத்தக வரலாறு நமக்குத் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தந்தது. நிலம் கொடுத்தவர், தலைவர்கள், பொறியாளர்கள் எல்லோருக்கும் இதில் இடமுண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு இல்லை.

இது மறதியால் நடந்ததல்ல. நிலம் எடுக்க அன்று இருந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான் அது இழப்பீடு தந்தது. அந்த வயலில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம் அதன் கணக்கிலேயே வராது. நிலம் போனவருக்குப் பணம் வந்தது. வேலை போனவருக்கு ஒரு ரசீதுகூட இல்லை.

நம் மக்களிடம் ஏன் பட்டா இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இலேயே தன் அறிக்கையில் தலித்துகளின் நிலமற்ற நிலையை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கைமாறிப் போனது. சாதி முதலில் நிலத்தை மறுத்தது. பிறகு நிலம் இல்லை என்பதைக் காட்டிச் சட்டம் இழப்பீட்டை மறுத்தது.

நகரியத்தின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பொதுத்துறை என்பதால் நிரந்தர வேலையில் இடஒதுக்கீடு உண்டு. வட்டம் வட்டமாகப் பிரித்த இந்த நகரியத்தில் குடியிருப்பு கிடைப்பது பதவியைப் பொறுத்தது, சாதியைப் பொறுத்ததல்ல. ஊர், சேரி என்ற பிரிவினை இல்லாத தெருவில் ஒரு தலித் குழந்தை வளர்வது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்தக் கதவு நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் திறந்தது. ஒப்பந்த வேலையில் இடஒதுக்கீடு இல்லை. ஆபத்து மட்டும் உண்டு. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றே இறந்த ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் போனார். அடுத்த ஆண்டே நிலக்கரித் தொழிலாளர் நலநிதி வந்தது. சுரங்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு நமக்கு அவர்தான் வழிகாட்டி.

2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், மூன்றாண்டுகள் அங்கே வேலை செய்து பிழைத்த நிலமற்ற கூலித் தொழிலாளர் குடும்பத்தையும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்கிறது. முந்தைய தலைமுறைக்கு இல்லாத ஆயுதம் இது. ஆனால் அதைப் பயன்படுத்தச் சான்று வேண்டும். கூலி வேலைக்குப் பட்டா கிடையாது.

எனவே தோழர்களே, நெய்வேலிக்குப் போனால் சுரங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குப் போங்கள். பெரியவர்களிடம் எந்த ஊர், யார் வயல், என்ன கூலி, எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய வாக்காளர் பட்டியலையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த ஊர்களை நேரில் கண்டவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. நமக்கு அதிக நாட்கள் இல்லை.