சட்ட ஏடுகளில் கேகாலைத் தோட்டங்கள்

கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பழைய அப்புக்காத்துமார், புறக்கிராசிமார் ஆகியோரின் அலுவலறைகளுக்குச் சென்றவர்கள், சுவரோரத்து அலுமாரிகளில் ஒரே அளவாய்க் கட்டப்பட்ட தடித்த நூல்கள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பார்கள். கட்சிக்காரருக்கு அவை ஓர் அச்சத்தைத் தரும். சட்டத்தரணிக்கோ அவை அன்றாடக் கருவிகள். நீதிமன்றத் தீர்ப்புகளுள் தேர்ந்தெடுத்தவற்றை அச்சிட்டு, சிறு சிறு பகுதிகளாக வெளியிட்டு, ஆண்டு முடிவில் நூலாகக் கட்டுவது சட்ட அறிக்கை எனப்படும். சட்டத்தரணிகளுக்கென்று நடத்தப்பட்ட இவ்வேடுகளின் பக்கங்களில் சப்ரகமுவத் தோட்டத்து மக்கள் எப்போது புகுந்தனர், எவ்வாறு புகுந்தனர் என்பது வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி.

இலங்கையில் இத்தொழிலுக்கு நல்ல பரம்பரை உண்டு. பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் அம்புறோஸ் லோரன்ஸ் 1856ஆம் ஆண்டு முதலான தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். பத்திரிகையாசிரியராகவும் விளங்கியவர் அவர். எதை அச்சிட வேண்டும், எதை விட வேண்டும் என்ற பத்திரிகைக் கண் அவரிடம் இருந்ததில் வியப்பில்லை. அவருக்குப் பின் இளம் அப்புக்காத்தாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1820 தொடக்கம் 1877 வரையிலான காலத்தில் சிதறிக் கிடந்த பல தீர்ப்புகளைத் திரட்டிப் பதிப்பித்தார். சேர் பட்டமும் சட்டநிரூபண சபைப் புகழும் அவரைத் தேடி வருவதற்கு முன் அவர் செய்த பெரும்பணி இதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' என்னும் தொடர் எழுந்து, 80 தொகுதிகள் வரை நடந்தது. அதனோடு 'சிலோன் லோ ரெக்கோடர்', 'சிலோன் லோ வீக்லி' முதலியவையும் வெளிவந்தன.

இங்கிலாந்தில் 1865இல் சட்ட அறிக்கைக்கென ஒரு கழகம் அமைந்தபோது, வழக்கின் வகைக்கேற்பத் தனித்தனி வரிசைகள் வகுக்கப்பட்டன. சிறிய நாடாகிய இலங்கையில் அவ்வாறு பிரிக்க இயலவில்லை. ஒரே இதழில் யாழ்ப்பாணத்துத் தேசவழமை வழக்கும், கண்டியச் சட்டப்படி எழுந்த முதுசப் பிணக்கும், முஸ்லிம் மணவழக்கும், கொலை வழக்கின் மேன்முறையீடும் அடுத்தடுத்து வரும். இரத்தினபுரிச் சட்டத்தரணி இரத்தினக்கல் நிலத்துப் பங்கு வழக்கைத் தேடுவார். கேகாலைச் சட்டத்தரணி கண்டிய மணப்பெண்ணின் சீதனத்தைத் தேடுவார். இவர்கள் எல்லாருக்கும் ஒரே ஏடு பயன்பட வேண்டும். ஆகவே பதிப்பாசிரியரின் திறமை முழுவதும் தீர்ப்பின் தலையில் இடும் குறிப்பிலே தங்கியிருந்தது. முதலில் வழக்கு எத்துறையைச் சார்ந்தது என்று காட்டும் சில சொற்கள். பின்னர் நிகழ்ச்சி இரண்டு மூன்று வரிகளில். அதன்பின் நீதிமன்றம் முடிவு செய்த சட்டம். நாற்பது பக்கத் தீர்ப்பை நான்கு வரியில் அடக்க வேண்டும். ஒரு சொல் மிகினும் குறையினும் அது சட்டத்தையே மாற்றிவிடும். இப்பணியைச் சுருக்கெழுத்து வேலை என்று எண்ணுவோர் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

தேர்வு என்பதோ இதனினும் கடினம். சட்டத்தில் புதிதாக ஒன்றைச் சொல்லும் தீர்ப்புக்கே ஏட்டில் இடம். நிகழ்ச்சிகளை மட்டும் ஆராய்ந்து முடிவு செய்த தீர்ப்பு விடப்படும். இது நியாயமான விதிதான். ஆனால் இதன் விளைவாகத் தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் இவ்வேடுகளில் அருகியே காணப்பட்டனர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு நீங்கிய கூலியாளைச் சிறைக்கு அனுப்பலாம். பொலிஸ் நீதிமன்றத்தில் காலையில் நிறுத்தப்பட்டவன் மாலையில் சிறையில் இருப்பான். மேன்முறையீட்டுக்கு அவனிடம் பணம் ஏது? ஆங்கிலம் ஏது? மேன்முறையீடு இல்லாத வழக்கு உயர் நீதிமன்றத்தை எட்டாது; அங்கு எட்டாதது ஏட்டிலும் ஏறாது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கடனோடு ஆளையும் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அம்முறையில் வாழ்ந்து மடிந்தோர் எத்தனை ஆயிரம்! அவர்களுடைய கதையைச் சட்ட ஏடுகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தமிழில் சட்டத்தை எடுத்துச் சொல்லும் பணியைச் செய்தவர்கள் வேறு வகையினர். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய இதழ்களின் வாயிலாகத் தொழிலாளரின் உரிமைகளை எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் அப்பணியில் தோள் கொடுத்தார். சட்டத்தரணியின் அலுமாரிக்கு ஓர் ஏடு, லயத்து வாசலுக்கு ஓர் ஏடு என்று இரண்டு உலகங்கள் இருந்தன. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்ட இடம் கேகாலை மாவட்டம்.

உந்துகொடைக்கு அண்மையில் நேவ்ஸ்மியர் என்றொரு தோட்டம் இருந்தது. தோட்டத்து மக்கள் அதனை உருளவள்ளி என்பார்கள். நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசாங்கம் அத்தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கு வேலை செய்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்தது. கிராமத்தவரின் நிலப்பசி உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் லயத்திலே பிறந்து, லயத்திலே மணம் செய்து, பெற்றோரை அத்தோட்டத்து மண்ணிலேயே புதைத்தவர்கள் எங்கே போவது? அவர்கள் போக மறுத்தனர். 1946இல் வேலைநிறுத்தமும் மூண்டது. அத்துமீறல் என்ற குற்றத்தின் பேரில் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

அவர்களுள் ஒருவர் சின்னசாமி செல்வநாயகம். தமிழரசுக் கட்சித் தலைவரின் பெயரோடு இப்பெயரைச் சிலர் மயங்கக்கூடும். இவர் தோட்டத் தொழிலாளி. இலங்கையில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட இவருடைய வழக்கு, அந்நாளில் இறுதி நீதிமன்றமாக விளங்கிய இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1950இல் தீர்ப்பு வந்தது. வழங்கியவர் றட்கிளிவ் பிரபு. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவு, பிறரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ எண்ணி நிலத்தில் நுழைவதையும் தங்குவதையும் குற்றமாக்குகிறது. தொழிலாளி வெளியேறாதது துரைக்கு எரிச்சல் தந்திருக்கலாம். அது முன்கூட்டியே தெரிந்த விளைவாகவும் இருக்கலாம். ஆயினும் அவர் தங்கியதன் முதன்மையான நோக்கம் எரிச்சலூட்டுவதா, தம் வீட்டை விடாதிருப்பதா என்பதே கேள்வி. தமக்கு உரிமை உண்டென்று நேர்மையாக நம்பி நின்றவர், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையானதாயினும், குற்றவாளி ஆகார் என்று கழகம் முடிவு செய்தது.

இத்தீர்ப்பு 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' 51ஆம் தொகுதியில் இடம்பெற்றது. பதிப்பாசிரியர் இதனைத் தொழிலாளர் விவகாரமாக வகைப்படுத்தவில்லை. குற்றவியலின் கீழ் வைத்தார். அவர் செய்தது சரியே. ஏனெனில் அதன்பின் வயல் வரப்புச் சண்டைக்கும் வாடகை வீட்டுச் சச்சரவுக்கும் வாதாடிய சட்டத்தரணிகள் இத்தீர்ப்பைத் தேடி எடுக்க முடிந்தது. லயத்து அறையில் தோன்றிய ஒரு நியாயம் எல்லாருடைய நியாயமும் ஆயிற்று. ஆனால் தலைக்குறிப்பு ஒன்றைச் சொல்லாது. குற்றத்திலிருந்து விடுபடுவது வேறு, குடியிருக்கும் உரிமை பெறுவது வேறு. தண்டனை நீங்கியது; நிலம் அவர்களுடையதாகவில்லை.

மூன்று தொகுதிகள் கடந்து 54ஆம் தொகுதியைத் திறந்தால் கேகாலை மாவட்டம் மீண்டும் தோன்றுகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. ருவான்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். அத்தொகுதி 1936 முதல் கலாநிதி என். எம். பெரேராவைத் தேர்ந்தெடுத்து வந்த தொகுதி. பதிவு அதிகாரி மறுத்தார். திருத்தும் அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரமோ, ஓர் இனத்துக்கு மட்டும் தடைவிதிக்கும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அனுமதிக்காது என்று கூறி, பெயரைச் சேர்க்குமாறு பணித்தார். பதிவு அதிகாரி முதனாயக்க உயர் நீதிமன்றம் சென்று, 1951இல் அப்பணிப்பை நீக்குவித்தார்.

இவ்விடத்தில் ஏட்டின் ஒரு விசித்திரம் கண்ணில் படும். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் தலைப்பு 'முதனாயக்க எதிர் சிவஞானசுந்தரம்' என்பதாகும். ஓர் அதிகாரி மற்றோர் அதிகாரிக்கு எதிராக வழக்காடுகிறார். யாருடைய வாக்குக்காக வழக்கு நடந்ததோ அவருடைய பெயர் தலைப்பில் இல்லை. கோமறைக் கழகத்துக்குச் சென்றபோதுதான் அது 'கோடகன் பிள்ளை எதிர் முதனாயக்க' ஆயிற்று. பெயர் கிடைத்தது, வழக்குத் தோற்றது. தன் பிரசைகள் யாவர் என்பதை ஒரு நாடு தானே வகுத்துக்கொள்ளலாம். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க வழி வைத்திருக்கிறது. ஆகவே இச்சட்டங்கள் செல்லும் என்று 1953ஆம் ஆண்டு மே மாதம் கழகம் தீர்த்தது.

அந்த வழி எத்தகையது? 1946 ஜனவரிக்கு முன் 10 ஆண்டுகள், மணமானவராயின் 7 ஆண்டுகள், தொடர்ந்து நாட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாறிய குடும்பம், பிறப்புப் பதிவும் ஒழுங்காயில்லாத நிலையில், எந்தக் கடதாசியைக் காட்டும்? ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. வழி இருந்தது என்று தீர்ப்பு சொல்லிற்று; அதன் அகலம் எவ்வளவு என்பது தீர்ப்பு வெளிவந்த பின்னரே தெரியவந்தது. சட்டக் கல்லூரி மாணவர் தலைக்குறிப்பை மட்டும் மனனம் செய்தால் இந்த எண்கள் அவருக்கு எட்டா.

1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 1988இல் ஒரு சட்டம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று இவ்விடயம் படிப்படியாகத் தீர்க்கப்பட்டது. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்வது 1971இல் நிறுத்தப்பட்டது. 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' முடிவுற்று, 'ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ்' அதன் இடத்தைப் பெற்றது. ஆனால் பழைய தொகுதிகளை எவரும் எறிந்துவிடவில்லை. கோடகன் பிள்ளையின் வழக்கு, சிறுபான்மையினர் காப்பைப் பற்றி எழுதுவோர் எவரும் தொட்டுச் செல்லும் வழக்காக உள்ளது. செல்வநாயகத்தின் வழக்கோ கடலைக் கடந்தது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை இந்தியக் கோவையைப் பின்பற்றி எழுதப்பட்டதாகையால், இந்தியச் சட்ட நூல்கள் 441ஆம் பிரிவை விளக்குமிடத்தில் அவர் பெயரை அச்சிட்டு வந்தன. உருளவள்ளியை அறியாத தமிழ்நாட்டுச் சட்ட மாணவரும், லயத்தை விட்டுப் போக மறுத்த ஒரு தொழிலாளியின் பெயரை அங்கே படிக்கிறார்.