வாயில் மறுக்கும் உரிமை: உரையாடலில் இடைநிற்கும் ரோபோக்கள்

ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரும் அதைக் கற்றுவரும் ஒருவரும் சேர்ந்து ஒரு சொல் விளையாட்டு ஆடுகிறார்கள். அவர்கள் தரும் குறிப்புகளைக் கேட்டு மறைசொல்லைக் கண்டுபிடிக்க வேண்டியது எதிரே இருக்கும் ஃபர்ஹாட் என்ற ரோபோ. தலையைத் திருப்பவும் கண்களை நகர்த்தவும் அதனால் முடியும். ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட இந்த ஆய்வில் 72 பேர் பங்கேற்றார்கள். சில குழுக்களில் ரோபோவின் பார்வை, குறைவாகப் பேசுபவரைப் பேசத் தூண்டும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது; மற்றக் குழுக்களில் அப்படி இல்லை. முதல் வகைக் குழுக்களில் இருவரின் பங்கும் கூடுதலாகச் சமப்பட்டது. ஒருவர் மொத்தத்தில் எவ்வளவு பேசுகிறார் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது அவரவர் இயல்புதான் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆயினும், ஒரு சொல்லும் சொல்லாமல், வெறும் பார்வையால் ஒரு பொறி இருவர் பேச்சின் பங்கீட்டை மாற்றியது என்பது சிறிய செய்தியன்று.

மனிதருக்கிடையே நிற்கும் மூன்றாமவர் தமிழ் மரபுக்குப் புதியவரல்லர். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல் கொண்டுசெல்வோரைத் தொல்காப்பியக் கற்பியல் ‘வாயில்கள்’ என்று குறித்து, தோழி முதல் கண்டோர் வரை பன்னிரு வகையினரைச் சொல்கிறது. அந்தப் பட்டியலை விடவும் என்னை ஈர்ப்பது ‘வாயில் மறுத்தல்’ என்ற துறை. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவன் பாணனைத் தூது அனுப்புகிறான். தலைவியோ தோழியோ அந்தப் பாணனை ஏற்காமல் திருப்பி அனுப்புகிறாள். அந்த மறுப்பும் உரையாடலுக்கு உட்பட்டதே; தலைவியின் மனநிலை தலைவனுக்குத் தெரியவருவது அதன் வழியாகத்தான். ஆனால் மறுப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: வந்திருப்பவன் வாயில் என்பது தெரிந்திருக்க வேண்டும். இடைநிற்கும் ரோபோக்களையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம். அவை எவ்வளவு திறமையாக இடையிடுகின்றன என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பார்வையின் வலிமை முன்பே தெரிந்ததுதான். உரையாடலில் நேர்முகக் கேட்பவர், உடனிருப்பவர், ஒட்டுக்கேட்பவர் எனப் பல நிலைகள் உண்டு என்று எர்விங் காஃப்மன் 1979இல் விளக்கினார். பில்கே முட்லுவும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 2009இல் இதை ரோபோவி என்ற ரோபோவைக் கொண்டு சோதித்தார்கள். பயண முகவராக நடித்த அந்த ரோபோ, பார்வையின் மூலம் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையை ஒதுக்கியது. மனிதர்கள் 97 விழுக்காடு அளவுக்கு அந்த ஒதுக்கீட்டின்படியே நடந்துகொண்டார்கள். பொறியால் பேச்சுக்குள் அழைக்கப்பட்டவர் பேசினார். அழைக்கப்படாதவர் ஒதுங்கி நின்றார். இந்த எண்ணை முதலில் படித்தபோது எனக்கு வியப்பை விடக் கவலையே மிகுந்தது. மௌனமாக இருப்பவரை உள்ளே அழைக்கும் அதே பார்வையால் ஒருவரை வெளியே நிறுத்தவும் முடியும்.

2019இல் ஹேமிஷ் டென்னன்ட், சோலஸ் ஷென், மால்டே யங் ஆகியோர் முகமே இல்லாத ஒரு கருவியை வைத்து இதே வழியில் சென்றார்கள். மேசை மேலிருக்கும் ஒரு மைக் தானாகத் திரும்பும். ‘மைக்பாட்’ என்று பெயர். மூவர் கொண்ட 36 குழுக்களில் அதைச் சோதித்தார்கள். பங்கேற்பைத் தூண்டும் வகையில் மைக் திரும்பிய குழுக்களில், ஒருவர் பேச்சுக்கு மற்றவர் ‘ம்’ கொட்டும் பழக்கம், அசையாத மைக் இருந்த குழுக்களை விடச் சமமாகப் பரவியது. ஆனால் நோக்கமின்றி இங்குமங்கும் திரும்பிய மைக்கோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. இக்குறிப்பை எளிதில் கடந்துவிடக் கூடாது. ரோபோவின் அறிவு என்று நாம் நினைப்பதில் எவ்வளவு பகுதி, அசையும் ஒரு பொருளுக்கு மனிதர் தாமாகக் கற்பிக்கும் பொருள் என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

சச்சரவுக்கு வருவோம், இடையீட்டின் உண்மையான சோதனைக்களம் அதுதான். யங், நிக்கோலஸ் மார்டெலாரோ, பமீலா ஹைண்ட்ஸ் மூவரும் 2015இல் 57 குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஆய்வாளர்களின் ஏற்பாட்டின்படி குழுவில் சேர்ந்த ஒருவர், கூட்டாகச் சிக்கலொன்றைத் தீர்க்கும் வேளையில், சில குழுக்களில் வேலையைப் பற்றியும் வேறு சிலவற்றில் ஆளைப் பற்றியே நேரடியாகவும் சுடுசொல் சொன்னார். சில குழுக்களில் ரோபோ குறுக்கிட்டுத் தணிக்க முயன்றது, மற்றவற்றில் வாளாவிருந்தது. ரோபோ குறுக்கிட்டால் பூசல் ஆறும் என்பதே எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. ஆளைத் தாக்கிய சொல்லுக்குப் பின் ரோபோ தலையிட்ட குழுக்களில், பூசல் நடந்தது என்ற உணர்வு கூடியது. மனிதர்கள் மூடி மறைக்க முயன்றதை ரோபோவின் குறுக்கீடு வெளியே எடுத்து வைத்துவிட்டது.

பலர் இதைத் தோல்வியாகப் படிக்கக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் இழிவுபடுத்தப்படும்போது மற்றவர்கள் பேச்சை மாற்றி, தேநீர் வரவழைத்து, நடந்ததை நடக்காததாக்கும் காட்சி நமக்குப் பழக்கமானது. ‘விடுங்க, அவர் ஏதோ சொல்லிட்டார்’ என்ற ஒரு வரியில் அடிபட்டவரின் குறை புதைந்துபோகும். அந்த மௌனத்தில் எல்லோருக்கும் ஒரு பங்கு இருப்பதால், உள்ளிருக்கும் எவருக்கும் அதை உடைப்பது கடினம். பகையும் உறவும் இல்லாத ஒரு பொறிக்கு அந்தத் தயக்கம் இல்லை. தணிப்பதை விட, நடந்ததை நடந்தது என்று சொல்லிவைப்பதே ரோபோவுக்குப் பொருந்தும் இடையீடு என்று இந்த ஆய்விலிருந்து நான் கொள்கிறேன்.

அதனால்தான் சமபங்குப் பேச்சு என்ற குறிக்கோளைத் தயக்கத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. பொறியால் எளிதில் அளக்க முடிவது யார் எத்தனை வினாடி பேசினார் என்பது. அளக்க முடிவதே நியாயமாகிவிடும் ஆபத்து அங்கே தொடங்குகிறது. சொல் விளையாட்டில் பாதிக்குப் பாதி சரி. துக்க வீட்டில் இழந்தவர் பேச வேண்டும், வந்தவர் கேட்க வேண்டும். தீங்கு செய்தவரையும் தீங்குற்றவரையும் ஒரே மேசையில் அமர்த்தி இருவருக்கும் சம நேரம் பங்கிடுவது நடுநிலை போலத் தோன்றும், நடுநிலை ஆகாது. சமூகவியலாளர் ஜியார்க் சிம்மல் 1908இலேயே மூன்றாமவரின் முகங்களைப் பிரித்துக் காட்டினார்: பக்கம் சாராத நடுவர், இருவர் பூசலில் ஆதாயம் அடைபவர், ஆள்வதற்காகவே பிரித்து வைப்பவர். ரோபோ இந்த மூன்றில் எதுவும் ஆகலாம். எது ஆகும் என்பது, எதைச் சமமென்று கொள்வது என முன்கூட்டியே எழுதி வைத்தவரின் கையில் இருக்கிறது. அவரோ அந்த அறையில் இல்லை.

வெளிப்படையான இடையீடு எப்படி இருக்கும்? ஜப்பானில் மிஹோகோ ஓடகே உருவாக்கிய ‘கியோசோஹோ’ முறை நல்ல சான்று. முதியோர், குறிப்பிட்ட ஒரு தலைப்பில் நிழற்படங்கள் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவருக்கும் தம் படத்தைப் பற்றிப் பேச ஒரே அளவு நேரம். கேள்வி பதிலுக்கும் அப்படியே. தலைமை தாங்குவது ஒரு சிறு ரோபோ. மிகையாகப் பேசுபவரை நிறுத்தி, பேசாதவரை அழைப்பது அதன் பணி. 65 முதியோரிடம் வாரம் ஒருமுறையாக 12 வாரம் நடந்து 2021இல் வெளியான சமவாய்ப்புச் சோதனையில், கட்டுப்பாடின்றி உரையாடிய குழுவோடு ஒப்பிட, இம்முறையில் பங்கேற்றவர்களின் சொற்சரளச் சோதனை மதிப்பெண் மேம்பட்டது. மருத்துவப் பயன் ஒருபுறம் இருக்கட்டும். விதி எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதுதான் என் வாதத்துக்கு வேண்டியது. ‘உங்கள் நேரம் முடிந்தது’ என்று அது சொல்லும்போது அவமதிப்பு இல்லை. ‘இன்னும் கொஞ்சம் பேசட்டுமே’ என்று பக்கத்திலிருப்பவர் பரிந்து பேசவும் இடமிருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: மனிதரும் பார்வையால்தானே பேச்சை நடத்துகிறார்கள், நாம் யாரிடமாவது அனுமதி கேட்டோமா? உண்மைதான். ஆனால் நல்ல ஆசிரியை கடைசி வரிசைப் பையனைப் பார்க்கும்போது அவன் திருப்பிப் பார்க்கிறான். அவன் முகம் வாடினால் அவர் பார்வையை விலக்கிக்கொள்கிறார். தவறிவிட்டால் பெற்றோர் வந்து கேட்பார்கள், அவர் விடை சொல்லியாக வேண்டும். ஃபர்ஹாட்டின் பார்வைக்கு விடை சொல்லும் பொறுப்பு யாருக்கு? மறைவாகச் செய்தால்தான் பலிக்கும் என்று சொல்வோரும் உண்டு. விதியை மேசைமேல் வைத்தும் பலிக்கும் என்பதற்கு ஓடகேயின் சோதனை சான்று.

நடைமுறையில் இன்னொன்று. யார் எவ்வளவு பேசினார் என்று கணக்கிட ரோபோ இடைவிடாமல் கேட்டாக வேண்டும். முதியோர் இல்லத்தில் நிழற்படம் பற்றிய பேச்சில் அது பெரிய இழப்பன்று. நிர்வாகம் வாங்கி வைத்த ரோபோ, மேலாளருக்கும் ஊழியருக்கும் இடையே அமரும்போது கதை வேறு. அங்கே அது வாயிலாக வந்த பாணன் மட்டுமல்ல, வீட்டுக்காரன் வைத்த காவலாளும்கூட. ஊழியர் அதை மறுக்கத் துணிவாரா?

ஆகவே இடைநிற்கும் ரோபோக்களைப் பற்றிய சோதனைகளில் இன்னொரு அளவீடும் இடம்பெற வேண்டும் என்று கேட்கிறேன். இடையிடும் விதியைப் பங்கேற்பாளரிடம் முன்பே விளக்கிவிட்டு, மேசையில் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் ஒரு பொத்தானை வைக்க வேண்டும். எத்தனை பேர், எந்த நேரத்தில், யார் பேசிக்கொண்டிருந்தபோது அதை அழுத்தி ரோபோவை நிறுத்தினார்கள் என்பதையும், அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு எப்படித் தொடர்ந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.