பாலர் சபை தந்த சகோதரர்கள்

2010-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘எக்ஸ் ஃபேக்டர்’ போட்டியில் தனித்தனியே பாடித் தேறாத இளைஞர் ஐவரை நடுவர்கள் ஒரு குழுவாக்கினர். ‘ஒன் டைரக்ஷன்’ என்னும் அக்குழு மூன்றாம் இடமே பெற்றது. எனினும் விரைவில் உலகப் புகழ் எய்தியது. 2016-இல் அதன் பணி நின்றது.

சிறுவரைத் தேர்ந்து குழுவாக்கி மேடையேற்றும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே. சங்கரன், முத்துசாமி, ஆறு வயதுச் சண்முகம் ஆகிய சகோதரர்கள் சேர்ந்தனர். சண்முகத்துக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஓரிரவில் எழுதினார்.

பாட்டே நாடகத்தின் உயிராயிருந்த காலம் அது. பருவம் வந்ததும் பால நடிகரின் குரல் உடையும். அதனை ‘மகரக்கட்டு’ என்பர். குரல் போனால் வேடமும் போகும். பள்ளிக் கல்வியோ முன்னரே போயிருக்கும்.

1922-இல் சுவாமிகள் மறைந்தார். 1925-இல் சகோதரர்கள், இளையவர் பகவதியும் உடனிருக்க, சொந்தச் சபை நிறுவினர். பின்னாளில் சண்முகம் மூதாட்டியாக நடித்து ‘ஔவை சண்முகம்’ என்றே பெயர் பெற்றார். இளங்குரல் மாறிய பின்னும் ஆசான் அளித்த பயிற்சி அவரைக் காத்தது. இன்று போட்டி மேடையை நாடும் இளையோரும் ஆசானையும் கல்வியையும் கைவிடாதிருப்பாராக!