சிம்லா இருப்புப்பாதையும் பாபா பல்குவும்

1864 முதல் ஆங்கில அரசின் கோடைத் தலைநகரான சிம்லாவுக்குக் கோப்பு மூட்டைகளும் எழுத்தர் குழாமும் வண்டிகளிலேயே மலையேற வேண்டியிருந்தது. அத்துன்பம் 1903 நவம்பர் 9ஆம் நாள் நீங்கிற்று. கால்காவினின்று 96 கிலோமீட்டர் குறுகிய இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. 656 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 2,076 மீட்டர் உயரத்துச் சிம்லாவை அடைகின்றது. தை மாதத்தில் அங்கே வெண்பனி காணலாம்.

குகைவழிகள் நூறுக்கு மேல். அவற்றுள் பெரிது 1,143 மீட்டர். அதனை இருபுறமும் குடைவித்த பரோக் என்னும் பொறியாளரின் வழிகள் நடுவே கூடவில்லை. அவருக்கு அபராதம் ஒரே ரூபாய். மானம் பொறாது உயிர்நீத்தார் என்பர். வேறிடத்தில் குடைந்து முடித்தவர் ஹாரிங்டன். அவருக்கு வழிகாட்டியவர் பல்கு என்னும் மலைவாசி. கைத்தடியால் பாறையைத் தட்டி, ஓசை கேட்டே இடஞ்சொன்னாராம்! நிலையம் பெற்றதோ பரோக்கின் பெயர். பல்குவின் பெயரைச் சிம்லா ரயில்வே அருங்காட்சியகம் தாங்கியது 2011இல். வண்டி ஓடத் தொடங்கி நூற்றெட்டு ஆண்டுகளுக்குப் பின்.