மீனின் நினைவை அளந்த பெட்டி

மீன்களைப் பழக்கி அவற்றின் கற்றலை ஆராயும் முயற்சி, ஆய்வாளரின் கண்ணையும் கடிகாரத்தையும் மட்டுமே நம்பியிருந்த நிலையிலிருந்து விடுபட்டதில், 1961ஆம் ஆண்டில் ஹார்னர், லோங்கோ, பிட்டர்மன் ஆகிய மூவர் விவரித்த ‘ஷட்டில் பெட்டி’க்கு முக்கிய இடமுண்டு. தடுப்பொன்றால் இரு அறைகளாகப் பிரிக்கப்பட்ட இவ்வகை நீர்த்தொட்டியில், விளக்கு எரிந்ததும் மீன் மறு அறைக்கு நீந்திவிட வேண்டும். தவறினால் நீர்வழியே இலேசான மின்னதிர்ச்சி பாயும். விளக்கையும் அதிர்ச்சியையும் மின்சுற்றே இயக்கும்போது, பயிற்றுவிப்பவரின் அயர்வும் சார்பும் முடிவுகளில் கலப்பது குறைகிறது. மீனுக்கு அது இதமான பள்ளி அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் அக்ரனாஃப் 1960களின் நடுவில் இவ்வாறு தங்கமீன்களைப் பழக்கி, புரத உருவாக்கத்தைத் தடுக்கும் பியூரோமைசின் என்னும் மருந்தை அவற்றின் மண்டையோட்டுக்குள் செலுத்தினார். பயிற்சி முடிந்த உடனே செலுத்தப்பட்ட மீன்கள் கற்றதைச் சில நாள்களில் இழந்தன. ஒரு மணி நேரம் கழித்துச் செலுத்தப்பட்டவற்றின் நினைவோ குலையவில்லை. கற்பதும் கற்றது நிலைபெறுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் அரிது.

பின்னாளில் ஆய்வகங்களில் பரவிய வரிக்குதிரை மீன் இந்திய நீர்நிலைகளுக்கு உரியது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. எனினும், ஆரகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதன் மரபொத்த நகல்களை உருவாக்கி 1981இல் அறிவித்த பின்னரே அது ஆய்வுலகில் வேரூன்றியது. அதன் குஞ்சுகளின் உடல் ஒளி ஊடுருவுவதாகையால், நரம்பணுக்களின் இயக்கத்தை நுண்ணோக்கியில் நேரடியாகக் காணலாம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலையின் குழு அவற்றின் சிறுமூளையை ஆராய்ந்துவருகிறது.