தலைமுடியில் நிலைமின்: நெய்வேலி

உலர்ந்த முடியைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரும்போது இழைகள் சீப்போடு சேர்ந்து எழும்பி வரும். வாரி முடித்தபின் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பறக்கும். இரண்டுக்கும் காரணம் நிலைமின். உராய்வில் முடியிலிருந்து எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போய்விடுகின்றன. எல்லா இழைகளிலும் நேர்மின்னூட்டமே மிஞ்சுவதால் அவை ஒட்டாமல் விலகி நிற்கின்றன. முடியிலுள்ள கெரட்டின் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஏறிய மின்னூட்டம் இறங்க வேண்டுமானால் இழையின் மேல் மெல்லிய ஈரப்படலம் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகும்போது அந்தப் படலம் மறைகிறது, தொல்லை தொடங்குகிறது.

கடலூர் மாவட்டத்தில், வங்கக் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது, பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் கொண்ட நெய்வேலி நகரியம். டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் காற்று வறண்டுபோய், கம்பளிச் சட்டையைக் கழற்றும்போதே பொறி தெறிக்கும். நெய்வேலியிலோ மார்கழியும் தையும் பனி இறங்கும் மாதங்கள். முடி படிந்தே கிடக்கும். கத்திரி வெயிலிலும் ஆனி மாதப் பிற்பகல்களிலும் மேல்காற்று வறட்சியாக வீசும்போதுதான் ஈரம் குறைகிறது. அப்போதும் வியர்வை பெரும்பாலும் மின்னூட்டத்தை இறக்கிவிடும். ஆகவே குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் ஈரமூட்டும் கருவியை இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறை, ஷாம்பு போட்டுப் பசையே இல்லாமல் போன தலை, பாலியெஸ்டர் துப்பட்டா, சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் கட்டாயமான ஹெல்மெட் ஆகியவையே இங்கு முதலில் பார்க்க வேண்டியவை.

தமிழ்நாட்டு வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் இந்தத் தொல்லைக்கு நல்ல தடுப்பு. வகுப்பறையில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கும் சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்: காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்த பிள்ளையின் தலையில் தேய்த்தால் ஒரு துணுக்கும் எழும்பாது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆனால் சீப்பு வழுக்கிக்கொண்டு போவதால் உராய்வு குறைகிறது, மின்னூட்டம் ஏறுவதே குறைகிறது. எண்ணெய்க் குளியலில் சீயக்காய் தேய்த்த பிறகும் கொஞ்சம் பசை தங்கிவிடும். கடுமையான ஷாம்பு அதையும் எடுத்துவிடுவதால், அதற்குப்பின் கண்டிஷனர் தேவைப்படுகிறது. கழுவிய முடியின் மேற்பரப்பில் எதிர்மின் இடங்கள் இருக்கும். கண்டிஷனரிலுள்ள நேர்மின் மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொண்டு இழையை வழுவழுப்பாக்குகின்றன.

நெய்வேலியில் அளவு முக்கியம். மின்னூட்டம் ஏறிய முடி தூசியை இழுக்கும். எண்ணெய் வழியும் முடியும் தூசியைப் பிடித்துவைக்கும். பழுப்பு நிலக்கரித் தூளும் சாம்பலும் புழங்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டுமே ஆகாது. நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் நடுவிலிருந்து நுனிவரை நீவினால் போதும். ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணி கட்டிக்கொள்வது வியர்வைக்கும் நல்லது, உராய்வுக்கும் நல்லது. பல் அகன்ற மரச்சீப்பு பிளாஸ்டிக்கைவிட மேல். அவசரத்துக்குக் கையை நனைத்து, உதறிவிட்டுத் தலையைத் தடவினால் முடி உடனே அடங்கும். பின்னிக்கொண்டால் இழைகள் பறக்க இடமே இராது.

இதே நிலைமின்னைத்தான் இவ்வூர் மின்நிலையங்கள் வேலைக்கு வைத்திருக்கின்றன. 7 அலகுகளில் 1470 மெகாவாட் திறன் கொண்ட இரண்டாம் அனல்மின் நிலையம் போன்றவற்றில், புகைபோக்கிக்குப் போகும் வாயு இ.எஸ்.பி. எனப்படும் நிலைமின் வீழ்படிவாக்கி வழியாகச் செல்கிறது. பல்லாயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளுக்கிடையே கடக்கும் சாம்பல் துகள் எதிர்மின்னூட்டம் பெற்று, பக்கத்துத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் தகட்டைத் தட்டும்போது உதிர்ந்து கீழே விழும். இங்கும் ஈரம் பேசுகிறது. வறண்ட சாம்பலில் மின்னூட்டம் தகட்டுக்கு இறங்காமல் தேங்கினால் கருவியின் திறன் குறையும். நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி நீர் என்பதால் புகையில் நீராவி நிறைய இருக்கும். அது இந்த இடைஞ்சலைத் தணிக்கிறது.

முடியில் ஏறும் மின்னூட்டம் உடலுக்குத் தீங்கு செய்யாது. வோல்ட் ஆயிரக்கணக்கில் ஏறினாலும் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. மின்னணு அட்டைகளின் கதை வேறு. விரலில் சுருக்கென்று உணர ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். நுண்ணிய சில்லுகள் சில நூறு வோல்ட்டிலேயே கெட்டுவிடக்கூடும். அதனால் கட்டுப்பாட்டு அட்டைகளைக் கழற்றிப் பழுதுபார்ப்பவர்கள் எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டை அணிகிறார்கள். நீண்ட முடியை அட்டைமேல் விழாதபடி முடிந்துகொள்வதும் அந்த வேலையின் ஒழுங்கில் சேர்ந்தது.