பத்திரம் போட்ட புரட்சி

அடுத்த முறை மாமல்லபுரம் போகிற வழியில், ஈஞ்சம்பாக்கம் வந்ததும் வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள். கடல் பக்கம் ஒரு பெயர்ப் பலகை இருக்கும். சோழமண்டலம் ஓவியர் கிராமம். ‘ஏதோ அரசாங்கக் கைவினைக் கண்காட்சி போல’ என்று நினைத்து நீங்கள் பலமுறை தாண்டிப் போயிருக்கலாம். அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு கலகக்காரக் கூட்டம் கட்டிய ஊர்.

1960-களின் தொடக்கம். சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். அருமையான ஓவியர், அதைவிட அருமையான வாத்தியார். அவருக்கு ஒரே கவலை. பையன்கள் பிரமாதமாகப் படம் போடுகிறார்கள். படிப்பு முடிந்ததும் என்ன ஆகிறார்கள்? நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்றைய சென்னையில் ஆள் கிடையாது. நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடும் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் தூரிகையைப் பரணில் போட வேண்டியதுதான்.

பணிக்கர் மானியத்துக்கு மனுப் போடவில்லை. கையைக் காட்டினார். மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற பாடிக் துணி இருக்கிறதே, அதைச் செய்து விற்கலாம். பாதி நாள் அது, மீதி நாள் சொந்தப் படம். வயிற்றுக்குத் துணி சோறு போடும். படம் யாருக்கும் தலைவணங்க வேண்டாம். துணி விற்றது. அந்தக் காசில்தான் 1966-ல் பத்து ஏக்கருக்குள் நிலம் வாங்கினார்கள். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். மணலும் சவுக்கும்தான். மின்சாரம் இல்லை. முப்பது, நாற்பது ஓவியர்களும் சிற்பிகளும் குடிசை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். முதலாளி கிடையாது. பட்டறையும் காட்சிக்கூடமும் பொது.

ஐந்து வருடம் கழித்து, உலகின் இன்னொரு மூலையில் இதே கனவு வேறு மாதிரி நடந்தது. 1971-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ராணுவம் காலி செய்துவிட்டுப் போன பாசறைக்குள் இளைஞர்கள் வேலியை உடைத்து நுழைந்தார்கள். ‘கிறிஸ்டியானியா’ என்று பெயர் வைத்து, இனி இது எங்கள் ஊர் என்றார்கள். ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேச்சு. போதை மருந்து வியாபாரம் உள்ளே புகுந்தபோது பேசிப் பேசியே மாய்ந்தார்கள். கடைசியில் என்ன? 2012-ல் அவர்களும் ஓர் அறக்கட்டளை வைத்து அரசாங்கத்திடம் அந்த நிலத்தில் ஒரு பகுதியைக் காசு கொடுத்து வாங்கவேண்டி வந்தது. நம்மவர்கள் முதல் நாளிலேயே செய்த வேலை!

அப்படியானால் சோழமண்டலத்தில் சிக்கலே இல்லையா? ஏன் இல்லை. வேலி போட்டுத் தடுக்கிற சிக்கலா அது? பணிக்கரின் மாணவர்கள் எல்லோரும் வந்துவிடவில்லை. ஆதிமூலம் வெளியிலிருந்தே பெரிய ஓவியரானார். வந்தவர்களிலும் விஸ்வநாதன் பாரிஸ் போனார். வாசுதேவ் 1988-ல் பெங்களூர் போனார். அற்புதமான கனவுலகக் கோட்டோவியங்கள் வரைந்த ராமானுஜம் அந்தக் கிராமத்திலேயே வாழ்ந்து, 1973-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சுற்றிலும் சக கலைஞர்கள் இருந்தும் ஒருவன் தனியாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம். கூட்டுறவு சோற்றுக்கு வழி செய்யும். மனசுக்கு?

1977-ல் பணிக்கர் காலமானார். அப்பாவோடு கூட்டுக் குடும்பம் முடிந்துவிடும் என்பது நம்ம ஊர் வழக்கம். இங்கே முடியவில்லை. அவர் மகன், சிற்பி நந்தகோபால் உட்படப் பலர் தாங்கிப் பிடித்தார்கள். 2009-ல் சொந்தமாக ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். படங்கள் விலை போகத் தொடங்கிய பிறகு பாடிக் துணி மெல்ல ஒதுங்கிக்கொண்டது. ஏணிக்கு வேறென்ன மரியாதை?

இப்போது வேறு கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, ஈஞ்சம்பாக்கமும் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. சவுக்குத் தோப்பு நிலம் இன்றைக்குத் தங்கம். ஓவியரின் பிள்ளை ஓவியராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? பசியை ஜெயித்துவிட்ட கூட்டத்துக்கு அடுத்த எதிராளி பசி இல்லை, நிலத்தின் விலை.

பசியை எதிர்க்கப் பாடிக் துணி கிடைத்தது. இதற்கு என்ன செய்வது என்று சொல்ல இன்னொரு பணிக்கர்தான் வரவேண்டும்.